இருமாமல் நின்ற இயந்திரம்

பழைய வெளியிணைப்பு மோட்டாரின் மின்பழுதைக் கண்டறியும் வழி

கடற்றொழில் செய்வோர் காற்றின் குணத்தை அறிவர். நீரோட்டத்தின் போக்கை அறிவர். விண்மீனைப் பார்த்து நேரமும் திசையும் சொல்லுவர். ஆயினும், படகின் பின்புறத்திலே தொங்கும் இயந்திரத்தின் மூடியைத் திறந்தவுடன் அவர்களுட் பலர் கைகட்டி நிற்பதை நாம் கண்டிருக்கின்றோம். இரும்பும் எண்ணெயும் கண்ணுக்குத் தெரிவன. அவற்றின் பழுதும் கண்ணுக்குத் தெரியும். மின்சாரமோ கண்ணுக்குத் தெரியாதது. ஆகையால், "கரண்டுப் பழுது" என்ற சொல்லைக் கேட்டதும் அது நம்மால் ஆகாத காரியம் என்று முடிவு கட்டிவிடுகின்றோம். அம்முடிவு தவறானது. ஒழுங்காகக் கேள்வி கேட்கத் தெரிந்த எவரும் அப்பழுதின் இருப்பிடத்தைக் கண்டுகொள்ளலாம். இதனை எமது குடும்பத்திலே நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டே விளக்க விரும்புகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆனி மாதச் சோளகக் காலத்திலே, எமது உறவினர் ஒருவர் வடமராட்சிக் கரையிலிருந்து தம் மகனோடு தொழிலுக்குச் சென்றார். அவரது படகில் இருந்தது இரண்டு சிலிண்டர்கள் கொண்ட 15 குதிரைவலுப் பழைய இயந்திரம். பெற்றோலிலே தொடக்கி மண்ணெண்ணெயிலே ஓட்டும் வகை. கரையின் விளக்குகள் மங்கிய தூரத்திலே அது திடீரென நின்றது. சோளகம் தென்மேற்கிலிருந்து வீசுங் காற்று. வடகரையிலிருந்து புறப்பட்ட படகை அது கரைக்குக் கொண்டுவராது. வங்கக் கடலை நோக்கியே தள்ளும். தந்தையும் மகனும் இரவு முழுவதும் மாறிமாறித் துடுப்பு வலித்தனர். விடியற்காலையில் வேறொரு படகினர் கண்டு கட்டியிழுத்து வந்து சேர்த்தனர்.

கரையிலே கயிற்றை இழுத்தபோது முதல் இழுப்பிலேயே இயந்திரம் ஓடத் தொடங்கியது! பட்டறை ஒன்றிற் காட்டினார். "சீ.டீ.ஐ." எனப்படும் கறுப்புப் பெட்டி பழுது என்றார்கள். மனைவியின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. புதிய பெட்டி வந்தது. ஐந்தாம் நாள் இயந்திரம் மீண்டும் நின்றது. நல்ல காலம், அன்று கரைக்கு அண்மையிலேயே நின்றது.

அக்கரையிலே, பல்லாண்டுகள் இயந்திரங்களோடு பழகி ஓய்ந்திருந்த முதியவர் ஒருவர் இச்செய்தியைக் கேட்டுப் படகடிக்கு வந்தார். இயந்திரத்தை அவர் தொடவில்லை. ஒரு கேள்வியே கேட்டார்.

"தம்பி, மிசின் இருமி நிண்டதோ, இருமாமல் நிண்டதோ?"

"இருமேல்லை, அப்பு. ஆரோ சுவிச்சை அமத்தின மாதிரிப் பட்டெண்டு நிண்டுது."

"அப்ப எண்ணெயைப் பாராதை. வயரைப் பார்."

இவ்வொரு கேள்வியிலே பாதி வழி கடந்துவிட்டது. எரிபொருள் குறைந்து நிற்கும் இயந்திரம் உடனே நிற்பதில்லை. தடுமாறி, இருமி, வேகங் குறைந்து, பின்னரே அடங்கும். எரிபொருட்டாங்கியின் காற்றுத் துளையைத் திறக்க மறந்தாலும் இவ்வாறே சிறிது தூரம் ஓடி இருமி நிற்கும். தீப்பொறி அறுந்த இயந்திரமோ ஊதி அணைத்த விளக்குப் போல ஒரு கணத்தில் நின்றுவிடும். இவ்விதிக்கு விலக்குகள் உண்டு. ஆயினும் முதலில் எத்திசையில் தேடுவது என்பதற்கு இதனினும் நல்ல வழிகாட்டி இல்லை.

தீப்பொறி பிறக்கும் விதம்

தேடுமுன், தேடப்படும் பொருள் எங்கே பிறந்து எவ்வழியே செல்கின்றது என்பதை அறிதல் வேண்டும்.

நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவிலே குடியேறிய ஓலே எவின்ரூட் என்பார் 1909ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்த வெளியிணைப்பு மோட்டார் ஒன்றரைக் குதிரைவலு உடையது. இலங்கைக் கரைகளிலே 1950களில் மீன்பிடிப் படகுகளுக்கு இயந்திரம் பூட்டும் முயற்சி தொடங்கியது. அன்று முதல் இயந்திரங்கள் பலவாறு மாறியுள்ளன. ஆயினும், கயிறு இழுத்துத் தொடக்கும் மோட்டாரிலே தீப்பொறி பிறப்பதற்கு அடிப்படையான விதி, 1831இல் மைக்கேல் பரடே கண்ட மின்காந்தத் தூண்டலேயாம். பாடசாலையிலே, கம்பிச் சுருளினுள் காந்தத்தை நுழைத்து மானியின் முள் அசைவதைக் கண்ட மாணவர் யாவரும் இதனை அறிவர்.

இயந்திரத்தின் உச்சியிலே, "பிளைவீல்" எனப் பட்டறைகளில் வழங்கும் கனத்த சில்லு ஒன்று உண்டு. அதன் உட்புறத்திலே காந்தங்கள் பதிக்கப்பட்டிருக்கும். அச்சில்லின் கீழே அசையாத தட்டொன்றிலே கம்பிச் சுருள்கள் இருக்கும். சில்லு சுழலுந்தோறும் காந்தங்கள் சுருள்களைக் கடந்து செல்ல, சுருள்களில் மின் பிறக்கின்றது. ஆகவே, இவ்வகை இயந்திரத்துக்குத் தீப்பொறி உண்டாக்க மின்கலம் தேவையில்லை. கயிற்றை இழுக்குங் கைதான் மின்னிலையம்.

மிகப் பழைய இயந்திரங்களிலே, "பொயின்ற்" எனப்படும் ஒரு சோடி உலோக முனைகள் குறித்த கணத்திலே திறந்து ஓட்டத்தை முறிக்கும். அவ்வாறு முறியும்போது எரிபற்றற் சுருளிலே உயரழுத்தம் தோன்றும். 1960களின் பிற்பகுதியிலிருந்து பரவிய சீ.டீ.ஐ. முறையிலோ, ஒரு சுருள் தரும் மின்னைக் கறுப்புப் பெட்டியினுள் இருக்கும் கொள்ளளவி சேமித்து வைக்கின்றது. வேறொரு சிறு சுருள் "இப்பொழுது" எனக் குறிப்புக் கொடுத்ததும், சேமித்ததை அது ஒரே வீச்சில் எரிபற்றற் சுருளுக்கு அனுப்புகின்றது. அங்கே பல்லாயிரம் வோல்ற்றாக உயர்ந்த அழுத்தம், தடித்த கம்பி வழியே பிளக்கை அடைந்து பொறியாகப் பாய்கின்றது. ஈரடிப்பு இயந்திரம் நிமிடத்துக்கு 5000 முறை சுழன்றால், ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு செக்கனில் ஏறத்தாழ 83 முறை இது நிகழ வேண்டும்.

ஆக, வழி இதுவே: காந்தம், சுருள், பெட்டி அல்லது பொயின்ற், எரிபற்றற் சுருள், கம்பி, பிளக். இச்சங்கிலியில் எக்கண்ணி அறுந்தது என்பதே நாம் விடை காணவேண்டிய வினா.

பொறி உண்டா, இல்லையா?

முதலில் அவசரக் கயிற்றின் கொளுவி தன் இடத்தில் இருக்கின்றதா என்று பாருங்கள். அது கழன்றிருப்பதை அறியாமல் இயந்திரத்தை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றியவர்களும் உண்டு.

அடுத்து பிளக்குகளைக் கழற்றுக. நுனி எரிபொருளால் நனைந்திருந்தால், எண்ணெய் வருகின்றது, எரியவில்லை என்பது பொருள். உலர்ந்திருந்தால் எண்ணெய்ப் பக்கத்தையும் பார்த்தல் வேண்டும். கரி படிந்து கறுத்திருந்தால் துப்புரவாக்குக, அன்றிப் புதியதை இடுக. மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரங்களிலே கரி விரைவிற் படியும். பொறி சற்று நலிந்தாலும் நிலைமை பின்னும் மோசமாகும். பிளக்கின் முனைகளுக்கு இடையிலுள்ள வெளியையும் அளந்து பார்க்க. சீ.டீ.ஐ. இயந்திரங்கள் பலவற்றுக்கு அது ஏறத்தாழ 1 மில்லிமீற்றர். பொயின்ற் உள்ள பழையவற்றுக்கு அதனினும் குறைவு. கையேடு கூறும் அளவே இறுதியானது.

இனிப் பொறியைச் சோதிப்போம். கியரை நடுநிலையில் வைத்து, எரிபொருட் குழாயைக் கழற்றி, சிந்திய எண்ணெயைத் துடைத்து, ஆவி கலைந்தபின் தொடங்குக. இரண்டு பிளக்குகளையும் அவற்றின் தொப்பிகளிற் பொருத்தி, அவற்றின் உலோக உடல் இயந்திரத்தின் வெற்று உலோகத்தை நன்றாகத் தொடுமாறு, சிலிண்டர்த் துளைகளுக்கு எட்ட வைக்க வேண்டும். துளையிலிருந்து வெளிப்படும் எண்ணெய்ப் புகாரிலே பொறி பட்டால் தீப்பற்றும். பிளக்கைக் கையாற் பிடித்தலாகாது, அதிர்ச்சி கடுமையானது. சீ.டீ.ஐ. இயந்திரத்திலே கம்பியை எதனையுந் தொடாது தொங்கவிட்டு இழுப்பதும் ஆகாது. பாய வழியற்ற அழுத்தம் சுருளையும் பெட்டியையும் கெடுத்துவிடக்கூடும்.

நிழலில் நின்று கயிற்றை விரைவாக இழுத்துப் பார்க்க. நீல நிறமாய்ச் "சடக்" என்னும் ஓசையோடு பாய்வது நல்ல பொறி. மஞ்சளாய் மெலிந்து தோன்றுவது நலிந்த பொறி. இரண்டிலும் நல்ல பொறி கண்டும் இயந்திரம் ஓடவில்லையெனில், எண்ணெய்ப் பக்கத்தையோ, பொறி பாயும் நேரத்தையோ ஐயுறல் வேண்டும். பிளைவீலைத் தண்டோடு இணைக்கும் சிறு சாவித்துண்டு பாதி வெட்டுண்டால், பொறி நன்றாயிருந்தும் நேரந்தவறிப் பாய்ந்து, இயந்திரம் திருப்பி உதைக்கும்.

ஒன்றிலா, இரண்டிலுமா?

பழுது காணும் கலையிலே இதுவே நடுக்கோடு. ஒரு பிளக்கில் மட்டும் பொறி இல்லையானால், பொதுவான உறுப்புகள் பெரும்பாலும் நலமாகவே இருக்கின்றன எனலாம். பிளக்குகளை இடம் மாற்றிப் பார்க்க. பழுதும் உடன் மாறினால் குற்றவாளி பிளக். மாறாவிடில், தொப்பியையும் கம்பியையும் பார்க்க. பல இயந்திரங்களில் தொப்பி கம்பியோடு திருகி இணைக்கப்பட்டிருக்கும். உப்பேறிய நுனியைச் சிறிது வெட்டிவிட்டு மீண்டுந் திருகினால், போன பொறி திரும்புவதுண்டு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி எரிபற்றற் சுருள் உள்ள இயந்திரமாயின், அவற்றையும் இவ்வாறே இடம் மாற்றிச் சோதிக்கலாம். காசு செலவில்லாத சோதனை இது.

இரண்டிலும் பொறி இல்லையானால், இரண்டுக்கும் பொதுவான இடத்திலே தேடுதல் வேண்டும். அங்கே முதலில் ஐயுறத்தக்கது கறுப்புப் பெட்டியன்று, நிறுத்தும் சுவிச்சேயாம். இதன் காரணத்தை மாணவர் கருத்தூன்றி நோக்குவாராக. வீட்டு விளக்கின் சுவிச்சிலே சுற்று அறுந்தால் விளக்கு அணையும். இங்கேயோ அதற்கு நேர்மாறு. நிறுத்தும் சுவிச்சு அழுத்தப்பட்டால் ஒரு சுற்று மூடுகின்றது. தீப்பொறிக்கான மின், பிளக்குக்குப் போகாமல் இயந்திரத்தின் உடலுக்கு, அதாவது "ஏர்த்"துக்கு ஓடிவிடுகின்றது. ஆகவே, அச்சுவிச்சின் வயர் எங்கேனும் உரிந்து இயந்திரத்தின் உடலைத் தொட்டால், யாரும் அழுத்தாமலே சுவிச்சு அழுத்தப்பட்டதாகிவிடும். சுவிச்சினுள் உப்புநீர் புகுந்தாலும் இதுவே விளைவு.

சோதனை எளிது. நிறுத்தும் சுவிச்சின் வயரைப் பெட்டியருகே அதன் இணைப்பிற் கழற்றிவிட்டு மீண்டும் பொறி பார்க்க. இப்பொழுது பொறி வந்தால் பழுது சுவிச்சிலோ அதன் வயரிலோ உள்ளது. எச்சரிக்கை ஒன்று: இந்நிலையிலே இயந்திரம் ஓடத் தொடங்கினால் பொத்தானும் நிறுத்தாது, அவசரக் கயிறும் நிறுத்தாது; சோக்கை இழுத்தோ, எரிபொருளை அடைத்தோதான் நிறுத்தலாம். சோதனை முடிந்ததும் வயரை மீளப் பூட்டாமற் கடலுக்குச் செல்லற்க. கடலில் விழுந்தவனை விட்டு ஓடும் படகு, நின்ற படகினும் கொடியது.

உப்பு என்னும் பகைவன்

பழைய இயந்திரத்தின் மின்பழுதுகளிலே, உறுப்பு இறந்ததால் வருவனவற்றினும் இணைப்பு கெட்டதால் வருவன அதிகம். செப்புக் கம்பியின்மேல் பச்சையாகப் படியும் களிம்பை யாவரும் கண்டிருப்பர். அது உறையின் உள்ளேயும் ஊர்ந்து செல்லும். வெளியே வயர் முழுமையாகத் தோன்ற, உள்ளே கம்பி பொடியாகியிருக்கும். வயரை விரலால் மெல்ல வளைத்துப் பார்த்தால், அத்தகைய இடம் தளர்ந்தோ முறுகலாகவோ இருப்பதைக் கை உணர்த்தும்.

ஒவ்வோர் இணைப்பையும் கழற்றி, துப்புரவு செய்து, உலர்த்தி, மீண்டும் இறுக்குக. சிறப்பாக, கறுப்புப் பெட்டியிலிருந்தும் சுருள்களிலிருந்தும் வந்து இயந்திர உடலிலே திருகப்பட்டிருக்கும் ஏர்த் வயர்களைக் கவனிக்க. அலுமினியத்தின்மேல் வெண்பொடி படிந்து திருகாணி தளர்ந்தால், மின் வந்த வழியே திரும்பிச் செல்ல இடமின்றித் தவிக்கும். அவ்விடத்தை உலோகம் பளிச்சிடச் சுரண்டி இறுக்குவது பத்து நிமிட வேலை. வயர் மாற்றுவதாயின் வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பியே கடலுக்கு உகந்தது. முறுக்கி நாடா சுற்றிய இணைப்பு உப்புக்கு விருந்தாகும்.

பொயின்ற் உள்ள இயந்திரமாயின், சில மாதங்கள் ஓடாதிருந்தாலே அதன் முனைகளில் மெல்லிய படலம் தோன்றிப் பொறியைத் தடுக்கும். துப்புரவான தடித்த காகிதத்தை இடையில் வைத்து இழுத்தெடுத்தால் பெரும்பாலும் தீரும். பழைய இயந்திரங்கள் பலவற்றிலே முனைகள் திறக்கும் அளவு ஏறத்தாழ 0.5 மில்லிமீற்றர்.

மானி சொல்வதும் சொல்லாததும்

இவ்வளவுக்குப் பின்னரே பல்மானியைக் கையில் எடுத்தல் வேண்டும். அதன் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, காட்டும் அளவைக் குறித்துக்கொள்க. சிறிய தடைகளை அளக்கும்போது அதனைக் கழித்தல் வேண்டும். எரிபற்றற் சுருளின் முதற்சுற்று மிகச் சிறிய தடையும், துணைச்சுற்று ஆயிரக்கணக்கான ஓம் தடையும் உடையன. பிளைவீலின் கீழுள்ள சுருள்களின் அளவுகள் இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும். அவற்றைக் கையேட்டோடு ஒப்பிட வேண்டும். மானி முடிவிலி காட்டினால் சுருள் அறுந்தது. ஏர்த்தோடு சேரக்கூடாத சுருள் ஏர்த்தோடு தொடர்பு காட்டினால் காவலி சிதைந்தது.

ஆயினும் மானி பொய் சொல்லும் இடமும் உண்டு. குளிர்ந்த நிலையிலே நலமாகக் காட்டும் சுருள், சூடேறியதும் உள்ளே விரிந்து அறுவதுண்டு. அரை மணி ஓடி நின்று, ஆறியபின் மீண்டும் ஓடும் இயந்திரத்தை, நின்ற உடனேயே சூட்டோடு அளத்தல் வேண்டும். கறுப்புப் பெட்டியையோ சாதாரணப் பல்மானியால் தீர்ப்பிட முடியாது. ஆகவே, மற்ற யாவும் குற்றமற்றவை என நிறுவிய பின்னரே அதன்மேற் குற்றஞ் சாட்டலாம். விலை மிகுந்த உறுப்பை முதலில் மாற்றுவது சோதனையன்று, சூதாட்டம்.

பிளைவீலைக் கழற்ற நேர்ந்தால் அதற்குரிய இழுவைக் கருவியையே பயன்படுத்துக. சுத்தியலால் அடித்தால் காந்தம் பிளக்கவும் தண்டு கெடவுங்கூடும். மின்கலத்தால் தொடங்கும் பெரிய இயந்திரங்களை உடையோர், முதலில் மின்கல முனைகளின் களிம்பை நீக்குக; முழுமையாக மின்னேற்றி ஓய்வில் வைத்த மின்கலம் 12.6 வோல்ற்றளவு காட்டும். முனைகளை மாற்றிப் பூட்டுதல், ஓடும்போது மின்கலத்தைக் கழற்றுதல் ஆகிய இரண்டும் மின்னேற்றும் பகுதியைக் கெடுக்கும்.

முடிவு

மீண்டும் எமது உறவினரின் படகடிக்கு வருவோம். முதியவர் இயந்திரத்தை நீர் நிறைத்த பீப்பாயிலே இறக்கி ஓடவிடச் செய்தார். நன்றாக ஓடியது. பின்னர் மகனை அழைத்து, சுக்கான் பிடியை மெல்ல மெல்ல இருபுறமும் திருப்பச் சொன்னார். வலப்புறம் ஓடியது. இடப்புறம் முழுவதுந் திருப்பியதும், இருமாமல், பட்டென நின்றது!

பிடியிலிருந்து மூடியினுள் நுழையும் துளையிலே இறப்பர் வளையம் எப்போதோ உக்கி விழுந்திருந்தது. நிறுத்தும் சுவிச்சின் வயர், ஆண்டுக்கணக்காக அத்துளையின் விளிம்பிலே உரசி, ஒரு நெல்மணி அளவுக்கு உரிந்திருந்தது. படகு காற்றிலே ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் அது உலோகத்தைத் தொட்டது. கரையிலே நேராக நிற்கும்போது தொடவில்லை. பட்டறையில் யாரும் இதனைக் காணாததற்குக் காரணம் இதுவே. ஒரு முழ வயரும் சிறு இறப்பர்க் குழாய்த் துண்டுமே அதற்குத் தேவைப்பட்ட மருந்து.

சங்கிலியை மீட்க ஓராண்டு சென்றது. அதுபற்றி இன்றும் அவ்வீட்டிலே பேச்சு எழுவதுண்டு. ஆயினும் அன்று முதல் அப்படகிலே ஒரு சிறு தகரப் பெட்டி தவறாமற் செல்கின்றது. உலர்ந்த துணியிற் சுற்றிய இரண்டு புதிய பிளக்குகள், பிளக்குத் திறப்பு, சிறு குறடு, ஒரு முழ வயர், இயந்திரத் தொடக்கக் கயிற்றுக்கு மாற்றாக ஒரு கயிறு, நீர் புகாத மின்சூள் ஆகியவை அதனுள் உள்ளன. கரை சேர்ந்ததும் நன்னீரால் இயந்திரத்தைக் கழுவி, மூடியைத் திறந்து உலரவிட்டு, வயர்களை ஒருமுறை விரலால் தடவிப் பார்ப்பது மகனின் கடமை.

கடலில் நிற்கும் இயந்திரம் தான் நின்ற காரணத்தை எப்பொழுதும் ஏதோ ஒரு வகையிற் சொல்லியே நிற்கின்றது. அது இருமியதா, இருமவில்லையா, ஒரு பிளக்கிலா, இரண்டிலுமா, குளிரிலா, சூட்டிலா என்று அமைதியாகக் கேட்பவருக்கு அக்காரணம் விளங்கும். உங்கள் இல்லத்திலும் பழைய இயந்திரம் ஒன்று இருக்குமாயின், அடுத்த ஓய்வு நாளில் அதன் மூடியைத் திறந்து, பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொண்டு, காந்தத்திலிருந்து பிளக் வரை அந்த வழியை ஒருமுறை விரலால் தொட்டுக் காட்டுங்கள். நடுக்கடலின் இருளிலே அவ்வழியைத் தேடுங் கைக்கு அது முன்பே பழகிய வழியாக இருக்கும்.